குறிகட்டுவான் – நெடுந்தீவு படகுச் சேவை: போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவுக்குப் படகு புறப்படுவது புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து. காலையில் அந்த இறங்குதுறையில் நிற்பவர்களைப் பார்த்தாலே இந்தச் சேவை யாருக்கானது என்று விளங்கும். ஆசிரியர்கள், பிரதேச செயலக அலுவலர்கள், வைத்தியசாலை ஆட்கள், யாழ்ப்பாணத்தில் சாமான் வாங்கி மூட்டையோடு ஊர் திரும்புகிறவர்கள். காலையில் போய்ப் பின்னேரம் திரும்பும் உத்தியோகத்தருக்காகவே நேரம் வகுத்திருக்கிறது. சுற்றிப் பார்க்கப் போகிறவர் அந்த இடைவெளிக்குள் அடங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகத் துறை வரை போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். காலைப் படகைப் பிடிக்க ஆறரைக்கு முன் ஏறுவது நல்லது. அடுத்த பஸ்ஸை நம்பினால் படகின் பின்பக்கத்தைத்தான் காணலாம்.

ஓடுபவை குமுதினி, வடதாரகை, 2017இல் வந்த நெடுந்தாரகை, இவற்றோடு தனியார் படகுகள். அன்றைக்கு எது ஓடும் என்பது எது திருத்த வேலையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய படகுகளில் உள்தட்டில் டீசல் மணமும் புழுக்கமும் அதிகம். சத்தி (வாந்தி) வரக்கூடியவர்கள் காற்றுப் படுகிற இடமாக, நடுவிலிருந்து பின்பக்கமாக உட்காருங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். உயிர்காப்பு அங்கியை மடியில் வைத்திருக்காமல் கட்டிக்கொள்ளுங்கள்.

பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். காற்று எழும்பினால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் வரும். படகு ஓயாமல் குலுங்குவது அதனால்தான். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் சாந்தம். சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் உடம்பு நனையும். வாடைக் (வடகிழக்குக் காற்று) காலத்தில், குறிப்பாக நவம்பர், டிசம்பரில், சேவையே நிற்கலாம். அந்த நாட்களில் ஒரே நாளில் திரும்பிவிடும் திட்டத்தோடு போகாதீர்கள்.

நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே கேட்பது. பொதுவாகப் பின்னேரம் மூன்று மணியை ஒட்டி இருக்கும், மாறவும் மாறும். தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர், ஒரே தட்டை, நிழல் குறைவு. ஓட்டோ பிடித்தால் ஒல்லாந்தர் கோட்டை, பெருக்குமரம் (பாவோபாப்), தெற்கு வெளியில் மேயும் குதிரைகள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நடந்தால் கோட்டையும் மரமும்தான் கணக்கு. குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். நல்ல தண்ணீர் அந்த ஊருக்கே பற்றாக்குறை.

படகு ஊராருக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது நிர்வாக வரைபடத்தில் இருக்கிறது. நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச செயலகம், தனிப் பிரதேச சபை, ஆறு கிராம அலுவலர் பிரிவுகள் உண்டு. ஆளில்லாத கச்சதீவும் இந்தச் செயலகப் பிரிவுக்குள்தான். ஆனால் கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) போதனா வைத்தியசாலையும் யாழ்ப்பாணத்தில். நயினாதீவின் நிலை நேர்மாறு: துறையிலிருந்து கால் மணி நேரத்தில் கரை தட்டும், ஆனால் தனிச் செயலகம் இல்லை, வேலணைக்கு வர வேண்டும். அந்தப் படகுகள் அடிக்கடி ஓடுவதற்கு நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும்தான் காரணம். யாத்திரிகர் கூட்டம் இல்லாத நெடுந்தீவுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. பாலம் போட முடியாத தூரத்தில் உள்ள ஊருக்கு, கடல் நல்லாக இருக்கும் நாளிலாவது மத்தியானம் ஒரு படகு கூடுதலாக விட வேண்டாமா?

இந்தச் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. படகை ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுக்கலாம்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு, பெப்ரவரி அல்லது மார்ச்சில், இதே துறையிலிருந்துதான் பக்தர்கள் ஏறுவார்கள். ஆனி மாதம் நயினாதீவு அம்மன் திருவிழாவின்போது பஸ்ஸிலேயே இடம் கிடையாது. மே 15, 1985இல் அதே நாளில் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவு நாள். மாவிலித்துறையில் அஞ்சலி நடக்கும், அன்றைக்கு அங்கே உல்லாசப் பயணம் வேண்டாம்.