செவிலியர் நடத்தும் ஸ்டோமா பராமரிப்புப் பிரிவு: ராயும் ஓரெமும் நடைமுறையில்

மலக்குடல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையில் என் பெரியப்பாவுக்கு நிரந்தர கொலோஸ்டமி (பெருங்குடலை வயிற்றின் மேல் திறந்து, மலம் ஒரு பையில் சேருமாறு செய்யும் அமைப்பு) அமைக்கப்பட்டது. அந்தத் திறப்பையே ஸ்டோமா என்பார்கள். அதையொட்டி, தமிழகத்தின் மேற்கு மாவட்ட நகரம் ஒன்றில் உள்ள தனியார் மருத்துவமனையின் ஸ்டோமா பராமரிப்புப் பிரிவை நெருங்கிக் கவனிக்க வாய்த்தது. இப்பிரிவைச் செவிலியர்களே நடத்துகின்றனர். மருத்துவர் தேவைப்பட்டால் மட்டுமே அழைக்கப்படுகிறார். அமெரிக்கச் செவிலியக் கோட்பாட்டாளர்களான காலிஸ்டா ராயின் தகவமைப்பு மாதிரியையும் (மாற்றங்களுக்கு ஏற்ப மனிதர் தம்மை எப்படித் தகவமைத்துக்கொள்கிறார் என்பதை விளக்குவது) டோரதியா ஓரெமின் சுயபராமரிப்புக் கோட்பாட்டையும் அடிப்படையாகக் கொண்டு சேவை வழங்குவதாக அவர்களுடைய கையேடு கூறுகிறது. செவிலியர் கல்லூரியில் இவ்விரு கோட்பாடுகளையும் பாடமாக நடத்துபவள் என்ற முறையில், அந்தக் கூற்று எந்த அளவுக்கு உண்மை என்பதையே இங்கு மதிப்பிட விரும்புகிறேன்.

அறுவைக்கு முந்தைய நாள் நடந்த இடக்குறியீட்டை, அதாவது ஸ்டோமா அமைய வேண்டிய இடத்தை வயிற்றில் குறித்ததை, முதலில் சொல்ல வேண்டும். பொறுப்புச் செவிலியர் பெரியப்பாவை உட்காரவும் நிற்கவும் குனியவும் படுக்கவும் வைத்து, வயிற்று மடிப்புகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தார். வேட்டியை வழக்கமாக எந்த உயரத்தில் கட்டுவார் என்று கேட்டு, அந்தக் கட்டுக்குக் கீழே, அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மையால் குறியிட்டார். கால்சட்டையின் பெல்ட்டை மட்டும் மனத்தில் கொண்டு குறியிட்டிருந்தால், பை ஒவ்வொரு நாளும் வேட்டிக் கட்டில் சிக்கிக் கசிந்திருக்கும். சூழல் தூண்டல் (ஒருவரின் தகவமைப்பைப் பாதிக்கும் சூழ்நிலைக் காரணிகள்) என்று ராய் குறிப்பிடுவதை மாணவர்களுக்கு விளக்க, இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அறுவைக்குப் பிந்தைய பயிற்சிதான் இப்பிரிவின் பெரும்பலம். ஓரெம் 1971-இல் வெளியிட்ட நூலில் தொடங்கிய கோட்பாடு, நோயாளியால் தனக்குத்தானே செய்துகொள்ள இயலாதவற்றைச் செவிலியர் ஈடு செய்வதை மூன்று நிலைகளாக விளக்குகிறது: முழுவதும் செய்து கொடுப்பது, பாதியைப் பகிர்ந்துகொள்வது, கற்பித்து ஆதரவாக நிற்பது. இங்கே அந்த நகர்வைக் கண்ணால் காண முடிந்தது. முதலில் செவிலியரே பையை மாற்றினார். அடுத்து, ஸ்டோமாவை அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக, பையைத் தோலோடு ஒட்டும் தகட்டில் துளை வெட்டும் வேலை பெரியப்பாவிடம் வந்தது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும், முதல் சில வாரங்களில் ஸ்டோமா சுருங்கும் என்பதால் மீண்டும் மீண்டும் அளக்க வேண்டும், அது ஈரமாகவும் சிவந்தும் இருக்க வேண்டும், கறுத்தால் உடனே வர வேண்டும் என்பவை அனைத்தும் எளிய பேச்சுத் தமிழில் சொல்லப்பட்டன. பெரியம்மா தாமே செய்துவிடுவதாக முன்வந்தபோது, "நீங்க கூட இருந்து பாருங்கம்மா, ஐயாவே செய்யட்டும்" என்று செவிலியர் மென்மையாகத் தடுத்தார். யார் துணையும் இல்லாமல் பெரியப்பாவே பையை மாற்றிய பிறகே வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்தனர்.

ராயின் மாதிரி இந்த அளவுக்கு வேரூன்றவில்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் உடலியல், தன்னுணர்வு, சமூகப் பொறுப்பு, பிறருடனான சார்பு ஆகிய நான்கு பகுதிகளும் முறையாக அச்சிடப்பட்டுள்ளன. முதல் பகுதியில் வெளியேற்றத்தின் அளவும் தோலின் நிலையும் துல்லியமாகப் பதிவாகியிருந்தன. மற்ற மூன்றிலும் 'ஒத்துழைக்கிறார்' என்ற ஒரே சொல் தவறாமல் இடம்பெற்றிருந்தது. அது நோயாளியைப் பற்றிய தகவலைவிட, செவிலியருக்குத் தொந்தரவில்லை என்ற தகவலையே தருகிறது. உண்மையில் பெரியப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். உறவினர் திருமணத்தில் முன்வரிசையில் அமர வேண்டியவர், வாடை வருமோ என்று அஞ்சி வாசலிலிருந்தே திரும்பினார். தன்னைக் குறித்த உணர்வும் குடும்பத்தில் தமக்குரிய இடமும் ஒருசேரக் குலைந்த நிலை இது. கட்டத்தில் குறியிடும் படிவத்தால் இதை வெளிக்கொணர முடியாது.

மறுபார்வை ஒன்றில், இத்துறையில் சிறப்புப் பயிற்சி பெற்ற மூத்த செவிலியர் படிவத்தை மூடி வைத்துவிட்டு, "கோயிலுக்குப் போறீங்களாய்யா?" என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரம் பேச்சு நீண்டது. வாயுவை வடிகட்டும் பைகளைக் காட்டியதோடு, ஸ்டோமாவுடன் பல ஆண்டுகள் வாழ்ந்துவரும் ஒருவரிடம், அவருடைய ஒப்புதலைப் பெற்று, பேசவும் வைத்தார். (1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ஸ்டோமா பராமரிப்புப் பணியைத் தொடங்கிய நார்மா கில் தாமே இலியோஸ்டமி (சிறுகுடலிலிருந்து அமைக்கப்படும் ஸ்டோமா) உடையவர் என்பது நினைவுக்கு வந்தது.) உயர்நிலைச் செவிலியப் பணி என்று நான் கருதுவது இதைத்தான், ஆனால் அது அந்த ஒருவரின் திறமையாகவே நிற்கிறது, பிரிவின் வழக்கமாகவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். ஆலோசனைக் கட்டணம் நியாயமானது. பைகள் ஒரே நிறுவனத்தினுடையவையாகவே அங்குள்ள மருந்தகத்தில் கிடைக்கின்றன; வெளியே விசாரித்து வாங்குவது நல்லது. தொலைபேசி உதவி பகலில் மட்டுமே உண்டு, கசிவோ பெரும்பாலும் இரவில்தான் நேர்கிறது.

திட்டமிட்ட அறுவைக்குச் செல்வோருக்கு இப்பிரிவைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அறுவை முடிந்த பின்னரே பலர் இங்கு அனுப்பப்படுகின்றனர். ஆகவே தேதி முடிவானவுடன் இடக்குறியீட்டுக்கு நீங்களே முன்பதிவு கேட்டுப் பெறுங்கள், வழக்கமாக அணியும் உடையிலேயே செல்லுங்கள்.