சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்கு ஒரு மார்கழி நடை

மார்கழியில் திருகோணமலையைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடல் கொந்தளிக்கும், நிலாவெளிப் பக்கம் வள்ளங்களைக் கரையில் ஏற்றியிருப்பார்கள். ஆனால் சீனக்குடாவின் பழைய எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய இரும்புத் தாங்கிகளை, பார்க்க நடை என்று கேட்டதும் பெயர் கொடுத்துவிட்டேன். அப்பா அங்கே பிட்டராக இருந்தவர். "டாங்கிக்குப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் விடிய சைக்கிளை எடுப்பார். எனக்கு வயது 56. இதுவரை அந்த வேலிக்குள் கால் வைத்ததில்லை.

ஆளுக்கு 1,500 ரூபா. அனுமதி எடுப்பது, இடியப்பப் பார்சல், பிளேன்டீ எல்லாம் அதற்குள். அடையாள அட்டைப் பிரதியை ஒரு கிழமைக்கு முன்பே கேட்டு வாங்கிவிட்டார்கள். காலை ஆறரைக்குச் சீனக்குடா ரயில் நிலையத்தடியில் 22 பேர் கூடினோம். இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது.

மொத்தம் 99 குதங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டியவை. கீழ்ப்பக்கம் 14 குதங்கள் இன்றும் பாவனையில் உள்ளன, அங்கே போகவில்லை. நாங்கள் நடந்தது மேல்பக்கத்துக் காட்டில். காடு என்றால் காடுதான். மழைக்குப் பச்சை ஏறிய செடிகொடிக்குள் நடந்துகொண்டே இருக்கும்போது, திடீரென்று ஒரு துருப்பிடித்த இரும்புச் சுவர் முன்னால் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால்தான் அது குதம் என்று விளங்கும். ஓரிடத்தில் ஈரம் காயாத யானை இலத்தியைக் கண்டதும், வழிகாட்டியாகக் கூட்டிப்போன தம்பி ஒரு வார்த்தை பேசாமல் எங்களை வேறு பாதையால் திருப்பினார். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானம் ஒன்று மோதி எரிந்த குதத்தின் மிச்சத்தையும் காட்டினார். தீ நாட்கணக்கில் எரிந்ததாம். உருகி மடிந்த இரும்பைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டும். அந்த இடத்தில் தம்பி கதையை நீட்டவில்லை. இரண்டே வசனம் சொல்லிவிட்டு, பார்க்க விட்டுவிட்டார்.

குறையையும் சொல்லவேண்டும். ஒற்றையடிப் பாதையில் 22 பேர் அதிகம். பின்னால் வந்தவர்களுக்கு விளக்கம் பாதிதான் கேட்டது. சாதாரணச் செருப்பு போதும் என்று சொல்லியிருந்தார்கள், அது பிழை. களிமண்ணில் என் செருப்பு வார் அறுந்து, மிச்சத் தூரத்தை ஒரு பிள்ளை தந்த கயிற்றைக் கட்டிக்கொண்டு நடந்தேன். பதினொரு மணிக்குத் திரும்பும்வரை கழிப்பறை வசதியே கிடையாது. பெண்கள் இதை முன்பே தெரிந்துகொண்டு வருவது நல்லது. வீட்டுக்குப் போனதும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆனாலும் இந்த நடையை நான் மறக்கமாட்டேன். அப்பா வீட்டில் மண்ணெண்ணெய்ப் பரலை விரல் கணுவால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்து, சத்தம் மாறும் இடத்தில் நிறுத்தி, "இதுமட்டும் நிக்குது" என்பார். ஒரு குதத்தடியில் நானும் அப்படித் தட்டினேன். வெறுங்குதம், மேலும் கீழும் ஒரே சத்தம். தம்பி அதைக் கவனித்துவிட்டு, "ஏன் அம்மா தட்டுறீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். உடனே எல்லாரையும் கிட்ட வரச் சொல்லி, என்னைப் பேசவிட்டார். பத்து நிமிடம் பேசியிருப்பேன். அப்பாவின் சம்பள நாள், எண்ணெய் மணக்கும் காக்கிச் சட்டை, சீனக்குடாவிலிருந்து இருட்டில் சைக்கிளில் திரும்புவது. தம்பி தன் கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள்.

அடுத்த நடை பொங்கலுக்குப் பிறகு. 12 பேருக்கு மேல் எடுக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், சரி என்றார்கள். அண்ணனுக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்தாயிற்று. அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். எந்த வாசலில் நின்று கொடுத்தார் என்று காட்டுவதாகச் சொல்கிறார்.