பறக்காத மாதங்களில் வீட்டு சிமுலேட்டர்: ஓர் இரத்மலானை விமானியின் அனுபவம்

வேறு வேலை செய்து சம்பாதித்து, தனியார் விமானி அனுமதிப்பத்திரத்தையும் உயிரோடு வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களுக்குக் கொழும்பில் பெரிய தொல்லை, ஒரு பறப்புக்கும் அடுத்த பறப்புக்கும் நடுவில் விழுகிற இடைவெளிதான். தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் வார இறுதிகள் மழையில் போய்விடும். வானம் வெளித்தால் விமானம் பராமரிப்பில் நிற்கும். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்து 350ஐத் தாண்டியபோது, இறக்குமதி எரிபொருளில் ஓடுகிற சின்ன விமானங்களின் மணித்தியாலக் கட்டணமும் கூடவே ஏறியது. அந்த வருடத்தில்தான் கணினியில் விமானம் ஓடிப் பழகுகிற வீட்டு சிமுலேட்டரை விளையாட்டாக இல்லாமல் பயிற்சிக் கருவியாகப் பாவிக்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து வெள்ளவத்தை வீட்டின் ஓர் அறையில் அது நிற்கிறது, நான் இரத்மலானை விமான நிலையத்தில் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஓடுகிறேன். இரண்டையும் மாறி மாறிச் செய்து கண்டது இது: கண்ணின் ஒழுங்கையும் தலையின் தெளிவையும் சிமுலேட்டர் நன்றாகக் காப்பாற்றும். கையின் உணர்வை அது காப்பாற்றாது. கவனிக்காவிட்டால் கெடுத்தும் விடும்.

முதலில் சாமான். கணினியும் கிராபிக்ஸ் அட்டையும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எடுக்கலாம். யோக் (விமானத்தின் கைச் சுக்கான்), ரடர் பெடல் (மூக்கை இடம் வலம் திருப்புகிற கால் மிதி) இரண்டையும் வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரர் மூலம் எடுப்பித்தேன். காசு அளவாக இருந்தால் பெடலை முதலில் வாங்குங்கள். பெடல் இல்லாமல் பழகினால் கால் தூங்கிவிடும், உண்மையான விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது வலது காலைத் தேடும். தலை திரும்புவதைக் கமராவால் பின்தொடர்கிற ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளும் வேண்டும். ஓடுபாதைக்குச் சமாந்தரமாகப் போய் இடது தோளுக்குப் பின்னால் 45 பாகையில் ஓடுபாதையின் தொடக்கத்தைப் பார்த்துத் திரும்புகிற பழக்கம், நேரே மட்டும் பார்க்கிற திரையில் வராது.

இனி அதன் உண்மையான பலம். சில வாரம் பறக்காவிட்டால் எனக்கு முதலில் மங்குவது கருவிகளுக்கு இடையில் கண் ஓடுகிற ஒழுங்கு. செயற்கை அடிவானம் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி), உயரம், மறுபடி அடிவானம், திசை, மறுபடி அடிவானம், வேகம் என்று கண் தானாக ஓட வேண்டும். அது நின்று ஒன்றிலேயே தங்கினால் மற்றது நழுவும். இதைச் சிமுலேட்டரில் பழகினால் அப்படியே விமானத்துக்கு வருகிறது. ஏனென்றால் கருவி வாசிப்பதற்கு உடம்பின் உணர்வு தேவையில்லை, கண்ணும் தலையும் போதும். 1929இல் எட்வின் லிங்க் செய்த பயிற்சிப் பெட்டியை அமெரிக்க இராணுவம் 1934இல் வாங்கியது, அஞ்சல் கொண்டுபோன விமானிகள் மோசமான காலநிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகு. அந்தப் பெட்டியும் மேகத்துக்குள் கருவியை நம்பி ஓடப் பழக்குவதற்குத்தான் வந்தது.

என் வழக்கமான பாடம், கட்டுநாயக்க 22 ஓடுபாதைக்கான (220 பாகைத் திசையை நோக்கியது) ஐ.எல்.எஸ் இறக்கம், அதாவது தரையில் இருந்து வரும் ரேடியோ வழிகாட்டலைக் கருவியின் முள்ளில் பார்த்து இறங்குவது. மூன்று பாகைச் சரிவில் நிற்க, தரை வேகத்தை ஐந்தால் பெருக்கிய அளவுக்கு நிமிடத்துக்கு இத்தனை அடி இறங்க வேண்டும். 90 நொட் (மணிக்கு 90 கடல் மைல்) என்றால் 450 அடி. ஒவ்வொரு முறையும் காற்றை மாற்றி வைப்பேன். பின்காற்று வந்தால் தரை வேகம் ஏறும், அதே இறங்குவேகத்தில் இருந்தால் சரிவுக்கு மேலே நின்றுவிடுவோம். கணக்கு கையில் இருந்தால் முள் நகர முதலே திருத்தலாம். இறங்க முறை வரும்வரை வானில் சுற்றுகிற காத்திருப்புச் சுற்றும் அப்படித்தான். நேரடியா, சமாந்தரமா, சாய்வா, எந்த வழியில் நுழைவது என்று தீர்மானிக்கிற வேகம் பழகினால்தான் இருக்கும். அதை எரிபொருள் எரித்துப் பழக எனக்கு வசதி இல்லை.

சிமுலேட்டர் விமானத்தையே மிஞ்சுகிற இடமும் இருக்கிறது. வட்ட முள் கருவிகள் உள்ள பழைய 172இல் அடிவானக் கருவியும் திசைக் கருவியும் வெற்றிடப் பம்பால் ஓடுகின்றன. பம்ப் செத்தால் அவை உடனே நிற்பதில்லை, ஆறுதலாகச் சாய்ந்து பொய் சொல்லத் தொடங்கும். உண்மையான விமானத்தில் பயிற்றுநர் அந்தக் கருவிகளை ஒரு மூடியால் மறைப்பார். மறைத்த உடனேயே பழுது என்று தெரிந்துவிடும். பொய் சொல்கிற கருவியைப் பொய் என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. சிமுலேட்டரில் பழுது எப்போது வரும் என்பதைத் தற்செயலாக விடலாம். அடிவானம் வலப்பக்கம் சாய்கிறது, மின்சாரத்தில் ஓடுகிற திரும்பல் காட்டி நேராக நிற்கிறது, காந்தத் திசைகாட்டியும் அசையவில்லை. யாரை நம்புவது? இந்தக் கேள்வியை மேகத்துக்குள் முதன்முதலாகச் சந்திக்கக் கூடாது.

எஞ்சின் பழுதும் அதே மாதிரி. இரத்மலானை 22இல் ஏறினால் காலி வீதி, கரையோர ரயில் பாதை, பிறகு கடல் என்று அடுத்தடுத்து வரும். அதற்கு எதிரான 04 பக்கம் ஏறினால் வீடுகளும், பறவைகள் நிறைந்த பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலமும். 300 அடியில் எஞ்சினை உண்மையாக நிறுத்தி எந்தப் பயிற்றுநரும் காட்ட மாட்டார், காட்டவும் கூடாது. வீட்டில் காட்டலாம். 172இன் எஸ் வகை 74 நொட்டில் ஏறிக்கொண்டிருக்கும், எஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்க 68 நொட் வேண்டும், எஞ்சின் நின்ற கணத்திலேயே வேகம் கரையும். ஆகவே எதையும் யோசிக்க முதல் மூக்கைக் கீழே விட வேண்டும். அந்த முதல் அசைவு தானாக வரும்வரை பழகுவது பெரிய காப்பு. ஆனால் எத்தனை அடியில் இருந்து ஓடுபாதைக்குத் திரும்பலாம் என்று சிமுலேட்டரில் அளந்து அந்த இலக்கத்தை விமானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மெதுவாகப் பறக்கும்போதும் இறக்கை தூக்கு விசையை இழக்கும்போதும் வீட்டுச் சிமுலேட்டர் சொல்வதை நான் நம்புவதில்லை.

ரேடியோவுக்குப் பழைய ஹெட்செட்டைப் போட்டு எல்லா அழைப்புகளையும் வாய் திறந்து சொல்வேன். 2001இல் இருந்து இயங்குகிற வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில் தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டாளராக இருந்து பேசுவார்கள். கொழும்புக்கு எப்போதும் ஆள் இருக்காது, இருக்கும் நேரத்தில் அது நல்ல பயிற்சி.

வழிச்செலுத்தலுக்கு சிமுலேட்டரில் நான் அதிகம் போவது யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கான பாதை, இரத்மலானையில் இருந்து கிட்டத்தட்ட 180 கடல் மைல். கட்டுநாயக்க வான்வெளியைக் கடக்க அனுமதி கேட்டு, நீர்கொழும்புக் களப்பு, சிலாபம், புத்தளம் களப்பு என்று அடையாளம் பிடித்துக்கொண்டு போகலாம். திரையில் தெரிவது வானில் இருந்து எடுத்த படம் என்பதால் களப்பின் வடிவங்கள் மனதில் பதிந்துவிடும். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் எழும்புகிற இடிமேகங்களை நினைத்து, பாதி வழியில் பார்வைத் தூரத்தைக் குறைத்துவிடுவேன். அப்போது திரும்புவதா, தொடர்வதா என்று தீர்மானித்து, புதிய திசையையும் நேரத்தையும் எரிபொருளையும் தாளில் போட வேண்டும். இந்தப் பாடத்துக்கு ஒரு சட்டம்: இடைநிறுத்தும் பொத்தானைத் தொடக் கூடாது. அந்தப் பொத்தான் பழகிவிட்டால் தலை நெருக்கடியில் வேலை செய்யப் பழகாது.

வெப்பநிலையையும் கவனியுங்கள். கணக்குக்கு எடுக்கிற நியமக் காற்று கடல் மட்டத்தில் 15 பாகை. கொழும்பில் மத்தியானம் 32 பாகை. கடல் மட்டத்தில் நின்றாலும் விமானத்துக்கு அது 2,000 அடி உயரத்துக் காற்று மாதிரித்தான், ஈரப்பதம் காற்றின் அடர்த்தியை இன்னும் கொஞ்சம் குறைக்கும். வெப்பநிலையைச் சரியாக வைக்காமல் பழகினால் சிமுலேட்டர் விமானம் எங்கள் விமானத்தை விடக் கெதியாக ஏறும், கண் அதற்குப் பழகிவிடும். செஸ்னா 152 ஓடுபவர்களுக்கு இன்னொன்று: எங்கள் ஈரக்காற்றில் 30 பாகை வெயிலிலும், எஞ்சின் சக்தியைக் குறைத்து இறங்கும்போது எரிபொருளையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரில் பனி பிடிக்கலாம். சிமுலேட்டரில் அதற்குச் சூடான காற்றை விடுகிற பிடியை இழுக்க மறந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காத இடத்திலும் கை அங்கே போக வேண்டும்.

இனிக் கெடுக்கிற பக்கம். டிரிம்தான் முதலாவது. உண்மையான விமானத்தில் யோக்கில் ஒரு பாரம் இருக்கும், டிரிம் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அந்தப் பாரம் கையில் இருந்து இறங்கும். வீட்டு யோக்கில் இருப்பது ஸ்பிரிங். நீங்கள் எப்படி டிரிம் செய்தாலும் அது நடுவுக்கே இழுக்கும். ஆகவே கை பாரத்தை உணர்வதற்குப் பதிலாகக் கண் இலக்கத்தைப் பார்த்து டிரிம் செய்யப் பழகும். விசையைத் திருப்பித் தருகிற யோக்குகள் இருக்கின்றன, விலை எட்டாத தூரம்.

இரண்டாவது, தரையிறக்கத்தின் கடைசி இருபது அடி. ஓடுபாதை பக்கங்களில் விரிகிற விதத்தை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் மூக்கை எப்போது தூக்குவது என்று தெரிகிறது. தட்டைத் திரையில் ஓரம் என்று ஒன்றே இல்லை. அதோடு தென்மேல் காற்றுக் காலம். 22 ஓடுபாதைக்கு 250 பாகையில் இருந்து 20 நொட் வீசினால் பாதி, அதாவது 10 நொட், குறுக்காக வரும். 270இல் இருந்து வீசினால் 15 நொட், அது 172இன் கையேட்டில் சோதனைப் பறப்பில் இறங்கிக் காட்டியதாகச் சொல்லியிருக்கிற அளவு. இந்தக் கணக்கைச் சிமுலேட்டர் நன்றாகப் பழக்கும். ஒரு சக்கரத்தில் இறங்கி நிற்கிற உணர்வை அது தராது.

மூன்றாவது, கண் உள்ளேயே தங்குவது. சிமுலேட்டரில் நிறைய இருந்தவர்கள் தெளிந்த வானத்திலும் கருவிகளையே பார்ப்பார்கள், மற்ற விமானங்களைத் தேட மாட்டார்கள். பயிற்றுநர்கள் கருவிப் பலகையைத் தாளால் மூடி அடிவானத்தைப் பார்த்து ஓடச் சொல்வது இதற்காகத்தான். வெளியே பார்த்துப் பறக்கும் பயிற்சிக்குச் சிமுலேட்டரிலும் சில கருவிகளை மறைத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது: வீட்டுக் கதிரை அசைவதில்லை. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பறப்புப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலைக்குள் விட்டுப் பார்த்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 செக்கனில். உட்காது சொன்ன பொய்யை உடம்பு நம்பியது காரணம். வீட்டில் மேகத்துக்குள் போனால் உட்காது எந்தப் பொய்யும் சொல்லாது, விமானத்தை மட்டமாக வைப்பது இலகுவாக இருக்கும். கருவிப் பறப்புத் தகைமை இல்லாதவர்களுக்கு இதைவிடப் பெரிய பொய் நம்பிக்கை வேறில்லை. சிமுலேட்டரில் மேகத்துக்குள் ஓடினேன் என்று யாராவது சொல்லி, மழை மேகம் இறங்கிய நாளில் கரையோரம் தொடர்ந்து போக நினைத்தால், அவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

எந்த மென்பொருள் என்று கேட்டால், இடங்களைப் பார்த்து வழி பழக மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் நல்லது. 2020 பதிப்பே எனக்குப் போதும், 2024உம் வந்துவிட்டது. காட்சிகளை இணையத்தில் இருந்து இழுப்பதால் டேட்டா கரையும். கருவிப் பயிற்சிக்கும் பழுதுகளுக்கும் நான் எக்ஸ்-பிளேன் 12ஐத் திறக்கிறேன். காட்சிகள் கணினியிலேயே இருக்கும், பழுதுகளை விதம் விதமாக அமைக்கலாம். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில் இரண்டும் ஓடவில்லை. விமான அறையின் படத்தைச் சுவரில் ஒட்டி, கதிரையில் இருந்து செக்லிஸ்ட்டைக் கையால் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். செயல்முறைகளுக்கு அதுவும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது.

இப்போது பயிற்சியில் இருக்கிற ஒரு தம்பி கேட்டார், "அண்ணை, சிம்மில ஓடினா அனுமதிப்பத்திரத்துக்குப் பறக்க வேண்டிய மணித்தியாலம் குறையுமோ?" சட்டப்படி குறையாது, வீட்டில் ஓடியதை லொக்புக்கில் (பறப்பு நேரப் பதிவேட்டில்) எழுத முடியாது. அமெரிக்காவில் பயணியை ஏற்ற, முந்தைய 90 நாட்களில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்று விதி. அங்கும் வீட்டுக் கணினியில் இறங்கியது கணக்கில் வராது, அங்கீகரித்த கருவிகளுக்குத்தான் இடம். ஆனால் ரேடியோவும் செக்லிஸ்ட்டும் வீட்டிலேயே ஓடிவிட்டால், காசு கொடுத்த மணித்தியாலம் முழுக்கக் கைக்குக் கிடைக்கும். "அப்ப முதல் மாதத்திலேயே வாங்கட்டோ?" என்றார். வேண்டாம் என்றேன். தனியாகப் பறக்கவிடும்வரை பொறுக்கச் சொன்னேன், பயிற்றுநர் கையில் வைத்த உணர்வு முதலில் உறைக்கட்டும்.

அடுத்த நாள் பறப்பு இருந்தால் முதல் நாள் இரவு நான் தரையிறக்கம் பழகுவதில்லை. எஞ்சினைத் தொடக்குவதில் இருந்து 1,000 அடி ஏறும்வரை, ஓர் எஞ்சின் பழுது, ரேடியோ அழைப்புகள், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தால், வீட்டில் எவ்வளவு நேரம் இருந்திருந்தாலும் சரி, பயிற்றுநரோடு சில சுற்றுகள் ஏறி இறங்கிய பிறகுதான் வீட்டு ஆட்களை ஏற்றுவேன்.