ஜப்பான்காரன் காலத்தில் பால்மரமும் நிலக்கரியும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தையில் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் பால்மரம்தான், அதாவது ரப்பர் மரம்தான், வரும். பக்கத்திலேயே பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டியதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஜப்பான்காரன் மலாயாவை (இன்றைய தீபகற்ப மலேசியாவை) பிடித்து வைத்திருந்த 1942 முதல் 1945 வரை இரண்டில் எது தாக்குப்பிடித்தது?

ரப்பருக்கு அடி பலம். முக்கியமாக வாங்கியவர்கள் அமெரிக்காவும் பிரிட்டனும். அவர்களே எதிரிகளாகிவிட்டபோது யாருக்கு விற்பது? பாலெடுக்கப் பட்டையைச் சீவுவது நின்றது, மரவள்ளிக்கிழங்கு தட்டில் ஏறியது. வேலையில்லாத லயத்து (தோட்டக் குடியிருப்பு) ஆட்களைத்தான் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

நிலக்கரி கடல் தாண்ட வேண்டியதில்லை. மலாயாவின் ரயிலும் மின் நிலையமும் பெரும்பாலும் அதை எரித்தே ஓடின, யார் ஆண்டாலும். வேலை இருந்தது. அது நல்ல வேலையா என்பது வேறு விஷயம்: 1937-லேயே அங்கே பெரிய வேலைநிறுத்தம் வெடித்திருந்தது.

ஆனால் பராமரிப்பு என்று வந்தால் பால்மரம்தான் சாது. சில வருஷம் சீவாமல் விட்டால் பட்டை ஆறும். காடு மண்டினாலும் வெட்டிச் சுத்தம் செய்துகொள்ளலாம். சுரங்கத்தை அப்படிப் போட்டுவைக்க முடியாது, தண்ணீர் நிறைந்துவிடும். பத்து ஆராங் கரிக்கு இன்னொரு குணம், குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ரப்பர் ஷீட்டைப் போலக் கட்டி அடுக்கி, விலை வரட்டும் என்று காத்திருக்க வழியில்லை.

போர்க்காலத்துக்கு மட்டும் கேட்டால் என் ஓட்டு நிலக்கரிக்கு. அப்புறம் எண்ணெய் வந்தது, 1960-ல் சுரங்கத்தை மூடினார்கள். பால்மரம் அதற்குப் பிறகும் சீவப்பட்டது.