சால்வென்ட், ஈகோ சால்வென்ட், யூவி: கிருஷ்ணகிரி பக்கம் கடை போடுபவர் எதை வாங்கலாம்?

பிரிண்டிங் கடை போடப்போகிறேன் அண்ணா, எந்த மெஷின் எடுக்கலாம் என்று கேட்டு அடிக்கடி போன் வருகிறது. விலை என்ன, மணிக்கு எத்தனை சதுர அடி ஓடும், இந்த இரண்டைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தினமும் காலையில் அந்த ஹெட்டை, அதாவது இங்க்கைத் தெளிக்கும் பாகத்தை, யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். கிருஷ்ணகிரியில் 10 அடி சால்வென்ட் மெஷினில் தொழில் பழகி, பிறகு 6 அடி ஈகோ சால்வென்ட் ஓட்டி, இப்போது ஓசூரில் பலகைகளைத் தட்டையான மேடையில் வைத்து அடிக்கும் யூவி ஃபிளாட்பெட்டில் நிற்கிறேன். மூன்றிலும் கை பட்டிருப்பதால் சொல்கிறேன்.

சால்வென்ட்டில், அதாவது கரைப்பான் கலந்த இங்க்கில் ஓடும் மெஷினில், தொடங்கலாம். ஃபிளெக்ஸுக்கு இன்னும் இதுதான் ராஜா. இங்க் ஃபிளெக்ஸின் பிவிசி பூச்சைக் கடித்துப் பிடித்துக்கொள்வதால் லேமினேஷன் இல்லாமலே வெயிலையும் மழையையும் தாங்கும். கோனிகா 512ஐ 30 பிக்கோலிட்டர் ஹெட் என்றால் புள்ளி பெரிதுதான், கிட்டே போனால் சொரசொரப்புத் தெரியும், ஆனால் பேனரை யாரும் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்ப்பதில்லை. 10-க்கு 8 பேனருக்கு 72 டிபிஐ ஃபைல் போதும். இரவு பதினொரு மணிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டு வருவார்கள், விடிவதற்குள் வாசலில் கட்டியாக வேண்டும். அந்த அவசரத்துக்கு ஈடு கொடுப்பது சால்வென்ட்தான். ஆடி மாதத்து மாரியம்மன் திருவிழாவும் மஞ்சள் நீராட்டு விழாவும் சேர்ந்துகொண்டால் மெஷின் நிற்கவே நிற்காது.

இதில் வாடை பெரிய பிரச்சினை. இந்த இங்க்குகளில் சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்கள் இருக்கும், மூடிய அறையில் இரண்டு மணி நேரம் நின்றால் தலை பாரமாகும், கண் எரியும். எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல் ஆபரேட்டரை உள்ளே நிற்க வைக்கும் முதலாளிகள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. வீட்டோடு சேர்ந்த கடை என்றால், குழந்தைகள் இருக்கும் இடமென்றால், இதை வைக்கவே வைக்காதீர்கள்.

வீட்டோடு கடை வைத்திருப்பவருக்கு ஈகோ சால்வென்ட் பொருந்தும். இதிலும் கரைப்பான் உண்டு, வீரியம் குறைவு. வாடையும் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று நினைத்து ஜன்னலை மூடிவிடக் கூடாது. எப்சன் ஐ3200 ஹெட்டில் இங்க் வரும் நுண்துளைகள், அதாவது நாசில், 3,200 இருக்கும், புள்ளியும் சிறியது, அதனால் வினைல், கண்ணாடியில் ஒட்டும் ஓட்டை போட்ட ஒன் வே விஷன் ஸ்டிக்கர், கடைக்குள் ஒட்டும் போட்டோ எல்லாம் பளிச்சென்று வரும். வேகம் குறையும். வினைலை அடித்த கையோடு லேமினேட் செய்யவும் கூடாது, உள்ளே கரைப்பான் மிச்சமிருந்தால் சில நாளில் ஓரம் சுருளும், ஒரு நாளாவது காயவிட வேண்டும். நாளைக்கே வேண்டும் என்று நிற்கும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதே பாதி வேலை.

பராமரிப்பில் இந்த இரண்டும் நேர் எதிர். கோனிகா ஹெட் கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும், இங்க்கை அழுத்தி வெளியேற்றி, அதாவது பர்ஜ் செய்து, ஃப்ளஷ் விட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். எப்சன் அப்படியல்ல. நாசில் செக் பிரிண்டில் படிக்கட்டு மாதிரி வரும் சிறு கோடுகளில் மெஜந்தாவில் இரண்டு கோடு விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே ஹெட்டை மூடிவைக்கும் கேப்பையும் அதைத் துடைக்கும் வைப்பரையும் சுத்தம் செய்து சரி பண்ண வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் இரண்டு பத்தாகிவிடும். கோடைக்காலத்து வறண்ட காற்றும் சாலைப் புழுதியும் சேரும் நம் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஒரு சித்திரை மாதம் வினைல் ரோலின் ஓரம் சூட்டில் மேலெழும்பியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஹெட்டைத் தாங்கி ஓடும் கேரியேஜ் திரும்பி வரும்போது சர்ரென்று ஒரு சத்தம், ஹெட் ஓரத்தில் உரசிவிட்டது. கருப்பில் ஒரு வரிசையே போய்விட்டது, புது ஹெட் வாங்கும்படி ஆனது. அன்றிலிருந்து முன் ஹீட்டரைக் குறைத்து, ரோலின் இரண்டு ஓரத்தையும் கிளிப்பில் அடக்காமல் பிரிண்ட் கொடுப்பதில்லை.

யூவி தனி உலகம். புற ஊதா எல்இடி விளக்குப் பட்டதும் இங்க் அந்த இடத்திலேயே கெட்டியாகிவிடும், காயவைக்கும் வேலை இல்லை. சன்போர்டு, அக்ரிலிக், இரும்புத் தகடு என்று எதன் மீதும் அடிக்கலாம், கண்ணாடி, உலோகம் போன்ற வழவழப்பான பரப்புக்கு இங்க் பிடிக்க முதலில் பிரைமர் பூச வேண்டியிருக்கும். ஓசூர் சிப்காட் பக்கம் பாதுகாப்புப் பலகை, மெஷின் பேனல் என்று ஆர்டர் இருப்பதால் இங்கே ஓடுகிறது. வெள்ளை இங்க்கில் உள்ள டைட்டானியம் டையாக்சைடு அடியில் படியும், அதைத் தினமும் கலக்கிவிட வேண்டும். பளபளப்பான ஸ்டீல் தகட்டில் அடிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. விளக்கின் ஒளி தகட்டில் பட்டுத் திரும்பி ஹெட்டுக்கே போனால் நாசிலுக்குள்ளேயே இங்க் இறுகிவிடும், பிறகு எந்தத் திரவமும் அதைக் கரைக்காது. காயாத இங்க் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம், கையுறை கட்டாயம். இன்னொன்று, கெட்டி இங்க்கில் ஃபிளெக்ஸ் அடித்து மடித்தால் மடிப்பில் வெடிக்கும்.

கரண்ட் விஷயம் மூன்றுக்கும் பொது. ஆன்லைன் யூபிஎஸ் வேண்டும், எர்த் தனியாகப் போட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், ஹெட் கேப்புக்குத் திரும்பாமல் நடுவழியில் நின்றால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

சரி, எதை வாங்கலாம்? பாலக்கோடு, பென்னாகரம், அரூர் மாதிரி ஊரில் ஒரே மெஷினோடு தொடங்குபவருக்கு, தனி ஷெட்டும் காற்றோட்டமும் இருந்தால், பழைய சால்வென்ட்டே போதும். ஆனால் பேனரை மட்டும் நம்பக் கூடாது. 2019-இல் சென்னையில் அனுமதியில்லாத பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு கெடுபிடி எப்படி இறுகியது என்பதைத் தொழிலில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி டவுனுக்குள் என்றால் நான் ஈகோ சால்வென்ட்டைத்தான் எடுப்பேன், கடைப் போர்டும் வினைலும் வருஷம் முழுக்க வரும். யூவி, கம்பெனிகளின் ஆர்டர் கையில் இருப்பவருக்கு மட்டும்.

டெமோ பார்க்கப் போகிறவர்கள் மதியம் போகாதீர்கள், அதற்குள் எல்லாவற்றையும் சரி செய்து வைத்திருப்பார்கள். ஏற்கெனவே அந்த மெஷின் ஓடும் கடை ஒன்றைக் கேட்டு வாங்கி, காலையில் ஷட்டர் திறக்கும்போதே போய் நின்று, பர்ஜ் கொடுப்பதற்கு முன்னால் வரும் முதல் நாசில் செக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள்.