அரை டன் தங்கம்

என் மகனுக்குப் பதினோரு வயது. இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு முக்கால் மணி நேரம் அவனுக்கு வாசித்துக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆங்கிலப் புத்தகம் என்றால் ஒரு பத்தியை எனக்குள் படித்துக்கொண்டு தமிழில் சொல்வேன். ‘ஆர்ட்டெமிஸ் ஃபவுல்’ வரிசையில் முதல் மூன்று புத்தகங்களை அப்படித்தான் முடித்தோம். ஜூனில் தொடங்கி ஆயுதபூஜை விடுமுறை வரை ஆயிற்று.

எழுதியவர் ஓவன் கோல்ஃபர், அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர். ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் அப்பாவும் ஆசிரியர்தான். தம்பி புதுநன்மை (கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை பெறும் சடங்கு) வாங்கிய நாளில் கோட்டு சூட்டோடு நின்ற புகைப்படம் ஒரு குட்டி வில்லனைப் போல இருந்ததாம். அதிலிருந்துதான் கதை நாயகன் ஆர்ட்டெமிஸ் பிறந்தானாம். முதல் புத்தகம் 2001இல் வந்தது. 2012 வரை மொத்தம் எட்டு.

ஆர்ட்டெமிஸுக்குப் பன்னிரண்டு வயது. பரம்பரை பரம்பரையாகக் கொள்ளையடித்துச் சேர்த்த குடும்பம். தங்கமே பலம் என்பது அவர்கள் குலவாக்கு, அதுவும் லத்தீனில். அப்பா ரஷ்யாவுக்குச் சரக்குக் கப்பல் விடப் பார்த்தார். இரண்டரை லட்சம் கோலா கேன்களோடு போன கப்பலை அங்கிருந்த மாஃபியா தகர்த்துவிட்டது, அப்பாவைக் காணவில்லை. அம்மா அந்த அதிர்ச்சியில் சித்தம் கலங்கி, திரை போட்ட மாடி அறையில் கிடக்கிறாள். மகனையே சில நாள் அடையாளம் தெரிவதில்லை. குடும்பத்தை நிமிர்த்த வேண்டும், அப்பாவைத் தேடப் பணம் வேண்டும். அதற்கு அவன் போடும் திட்டம்தான் கதை: பூமிக்கு அடியில் ஒளிந்து வாழும் மாய இனத்தில் ஒருத்தியைக் கடத்தி, ஒரு டன் தங்கம் பிணைத்தொகை கேட்பது.

அந்த ஒருத்தி கேப்டன் ஹாலி ஷார்ட். மூன்றடி உயரம். பாதாளப் போலீஸின் தரைமேல் வேவுப் படையில் சேர்ந்த முதல் பெண் அதிகாரி. பாதாளப் போலீஸ் என்பது நான் வைத்த பெயர். ஆங்கிலத்தில் அந்தப் போலீஸின் சுருக்கப் பெயரோடு வேவுப் படையின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் ஐரிஷ் நாட்டுப்புறக் கதையில் வரும் தங்கக் குள்ளன் லெப்ரிகானின் பெயர் ஒலிக்கும். அந்தச் சுவையை என்னால் தமிழுக்குக் கொண்டுவர முடியவில்லை.

மனசாட்சி உள்ளவனாக இந்தப் பையனை ஆசிரியர் முதலில் காட்டுவதே இல்லை. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தொடக்கம் ஹோ சி மின் நகரத்தில். குடிக்கு அடிமையாகிச் சந்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு தேவதைக் கிழவியை ஏமாற்றி, அவள் இனத்தின் ரகசியப் புத்தகத்தை அரை மணி நேரம் வாங்கிப் படம் பிடிக்கிறான். “இவன் நல்லவனா கெட்டவனாம்மா?” என்று மகன் அன்றைக்கே கேட்டான். “நீயே பார்த்துச் சொல்லு” என்றேன்.

நிலவறைக் காட்சிக்கு நாங்கள் இரண்டு இரவு எடுத்துக்கொண்டோம். ஹாலியின் மாயசக்தி தீர்ந்துபோயிருக்கிறது. அது திரும்ப வேண்டுமென்றால் பௌர்ணமியில், ஆறு வளைகிற இடத்தில் நிற்கும் பழைய ஓக் மரத்தின் விதையை எடுத்து, வேறொரு மண்ணில் நட வேண்டும். விதையை எடுத்துவிட்டாள், நடுவதற்குள் பிடிபட்டுவிட்டாள். சிமென்ட் தரை போட்ட அறையில் அடைத்துவிட்டார்கள். அவள் இரும்புக் கட்டிலைத் தூக்கித் தூக்கித் தரையில் இடிக்கிறாள். சிமென்ட் விரிகிறது, கீழே மண் தெரிகிறது. மகன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அதற்கு முன்னால் சின்னதாக ஒரு இடம் வருகிறது. கண்காணிப்புத் திரையில் அவள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதை ஆர்ட்டெமிஸ் பார்க்கிறான். மனிதப் பெண்ணைப் போலவே இருக்கிறாளே என்று ஒரு நெருடல். அவ்வளவுதான், திட்டம் நிற்பதில்லை. அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுத முடியாது.

என் அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் தண்டலுக்குப் பணம் விட்டவர். பத்தாயிரம் என்று பேசி எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பார். தினம் நூறு ரூபாய், நூறு நாள். எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்பதால் ஆறாம் வகுப்பிலிருந்து நோட்டு எழுதியது நான்தான். டி.வி.எஸ். 50ஐ நிறுத்திவிட்டு வந்து அட்டைகளைக் கொடுப்பார், நான் வரவு வைப்பேன். என் கையெழுத்தை ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்படுவார். அந்தப் பெருமைக்காகவே எழுதினேன். ஒரு நாள் மாடிப்படிக்கு அடியில் ஒரு தராசு கிடந்தது. கீரைக்கார அக்காவினுடையது, எனக்குத் தெரியும். தட்டின் ஓரத்தில் நீலப் பெயின்ட் இருக்கும். அவர்கள் அட்டையில் இன்னும் முப்பத்தேழு நாள் பாக்கி. “தராசு இல்லாம அவங்க எப்படிப்பா விப்பாங்க?” என்று கேட்டேன். “நீ நோட்டை எழுதும்மா” என்றார். குரலில் கோபம் இல்லை, வழக்கமான அன்புதான் இருந்தது. நானும் எழுதினேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

கெட்ட குடும்பத்தில் பிறந்த நல்ல பிள்ளை என்ற கதையைக் குழந்தைகளுக்கு எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பிள்ளைக்கு முதல் பக்கத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும், அப்பன் அரக்கனாக இருப்பான், விட்டு ஓடுவது சுலபமாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. என் அப்பா அரக்கன் இல்லை. பொங்கலுக்கு எனக்குப் பட்டுப் பாவாடை எடுத்துக்கொடுத்துவிட்டு, தனக்கு அதே பழைய வேட்டி போதும் என்றவர். கோல்ஃபருக்கு இது தெரிந்திருக்கிறது. ஆர்ட்டெமிஸ் கடத்துவது அப்பா மேல் உள்ள பாசத்தால். அந்தப் பாசம் உண்மையானது. அதனால்தான் குற்றம் அவன் கண்ணுக்குக் குற்றமாகப் படுவதில்லை. கடத்தியவளுக்கு ஒரு முகம் இருக்கிறது, அவள் கோபக்காரி, விடாப்பிடிக்காரி என்று அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்கிறான். மாற்றம் அந்த வழியாகத்தான் வருகிறது. யாரும் அவனுக்குப் புத்தி சொல்வதில்லை.

முதல் புத்தகத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு படித்தாலும் கெடாது. தங்கம் வந்துவிடுகிறது. அவன் ஜெயித்துவிட்டான். அப்போது ஹாலியிடம் ஒரு வரம் கேட்கிறான்: என் அம்மாவைக் குணமாக்கு, பாதித் தங்கத்தைத் திருப்பித் தருகிறேன். மகன் உடனே கணக்குப் போட்டான். “அப்ப அரை டன் அவன் வச்சுக்கிட்டானா?” ஆமாம், வைத்துக்கொண்டான். இதை நேர்மை என்று சொல்லலாமா என்று அன்றிரவு பதினோரு மணி வரை பேசினோம். முழுத் தங்கத்தையும் கொடுத்திருந்தால் அவன் நல்லவனாகிவிட்டான் என்று நாங்கள் விளக்கை அணைத்துத் தூங்கியிருப்போம்.

இரண்டாவது புத்தகம் (2002) வேகமானது, ஆனால் முதலாவதின் ஆழம் இல்லை. அப்பா உயிரோடு இருப்பதாகத் தெரிகிறது, ரஷ்யாவின் வடகோடியில் முர்மான்ஸ்க் பக்கம். இந்த முறை ஹாலியும் அவனும் ஒரே பக்கம். பாதாளத்தில் நடக்கும் பூதக் கலகம் எனக்குக் கொஞ்சம் நீளமாகத் தோன்றியது. மகனுக்கு அப்படி இல்லை. மண்ணைத் தின்று மண்புழு மாதிரி பின்னால் தள்ளிக்கொண்டே சுரங்கம் தோண்டும் குள்ளத் திருடன் மல்ச் வரும் இடமெல்லாம் அவனுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. பள்ளி மனநல ஆலோசகரோடு ஆர்ட்டெமிஸ் பேசும் இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். யார் மேலும் தனக்கு மரியாதை இல்லை என்று காட்டிக்கொள்ளும் ஒரு பையன் எவ்வளவு தனியாக இருக்கிறான் என்று அதில் தெரியும்.

மூன்றாவது (2003) தொடக்கத்தில் ஹெல்சிங்கி மருத்துவமனையில் அப்பா கண் விழிக்கிறார். ஒரு காலை இழந்திருக்கிறார். சாவின் வாசல் வரை போய் வந்தவர், இனி இந்தப் பிழைப்பு வேண்டாம், நாம் வேறு மாதிரி வாழலாம் என்கிறார். நீயும் என்னோடு அந்த வழியில் வருகிறாயா என்று மகனிடம் கேட்கிறார். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்விக்கு வாய் வரவில்லை. பிள்ளை கேட்க வேண்டியதை அப்பா கேட்கிறார், பிள்ளை தடுமாறுகிறது. குழந்தைகள் புத்தகத்தில் நான் இப்படி ஒரு திருப்பத்தைப் பார்த்ததில்லை. என்னிடம் அப்பா அப்படி ஒருநாளும் கேட்கவில்லை. அவர் போய் எட்டு வருடமாகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நான் தமிழில் சொல்லாமல் புத்தகத்தை மகன் கையில் கொடுத்து, நீயே படி என்று சொல்லிவிட்டேன். அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஆர்ட்டெமிஸின் காவலாள் பட்லர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஃபவுல் குடும்பத்துக்கு ஊழியம் செய்கிறது. பட்லர் மலை மாதிரியான ஆள். முதல் புத்தகத்தில் தங்கை ஜூலியட்டைக் காக்கப் பழைய போர்க்கவசத்தை மாட்டிக்கொண்டு ட்ரோல் என்னும் ராட்சத மிருகத்தோடு மோதும் காட்சி அபாரம். ஆனால் தன் முதல் பெயரைக்கூட எஜமானிடம் சொல்லக்கூடாது என்ற விதியோடு வாழ்கிறவர். மூன்றாவது புத்தகத்தில் குண்டடி பட்டுச் சாகக்கிடக்கும்போதுதான் சொல்கிறார். படிக்கும்போது கண் கலங்குகிறது, ஆனால் இப்படி ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கே பிறந்து வருவது சரியா என்று கதை கேட்கவில்லை. திருட்டைக் கேள்வி கேட்கிற கதை அடிமைத்தனத்தை விசுவாசம் என்று விட்டுவிடுகிறது. நம் ஊர்ப் பண்ணை வீடுகளின் கதை தெரிந்தவர்களுக்கு இது உறுத்தும். பிள்ளைகளோடு படிக்கிறவர்கள் இதைப் பேசாமல் தாண்ட வேண்டாம்.

2020இல் டிஸ்னி பிளஸில் வந்த படத்தை வைத்து இந்தப் புத்தகத்தை எடைபோடாதீர்கள். கென்னத் பிரானா இயக்கியது, போலீஸ் தலைவராக ஜூடி டென்ச் வருகிறார். இருந்தும் கதையின் முதுகெலும்பை எடுத்துவிட்டார்கள். அப்பா பொருட்களைச் சேர்த்து வைத்ததெல்லாம் உலகத்தைக் காக்கத்தான் என்று ஆக்கிவிட்டார்கள். அப்பா நல்லவர் என்றால் பிள்ளை எதை யோசிப்பது? பாதியில் மகன் எழுந்து போய்விட்டான்.

வாங்க நினைப்பவர்களுக்கு: பத்து வயதுக்கு மேல் சரியாக இருக்கும். அடிதடி உண்டு, ரத்தம் அதிகம் இல்லை. ஆங்கிலம் சுலபம் இல்லை. தொழில்நுட்பச் சொற்களும் போலீஸ் கேலிப் பேச்சும் நிறைய. தனியாகப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்தால் நல்லது. நான் வாங்கியது பழைய புத்தகக் கடையில், முதல் புத்தகம் மட்டும் அட்டை கிழிந்த பிரதி. அதில் பக்கங்களின் அடியில் விநோதமான குறியெழுத்து வரிசை ஓடுகிறது. அலங்காரம் என்று நினைத்தேன். ஒவ்வொரு குறிக்கும் ஒரு ஆங்கில எழுத்து என்று மகன் கண்டுபிடித்து, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து செய்தியை எடுத்துவிட்டான். உங்கள் பிரதியில் அந்த வரிசை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நாலாவது புத்தகம் வேண்டும் என்று நச்சரிக்கிறான். நான் முன்னாலேயே படித்துவிட்டேன். அதில் ஒரு சாவு இருக்கிறது, அவனுக்கு மிகவும் பிடித்த ஒருவருடையது. இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.