கையால செஞ்ச நகையை எதால க்ளீன் பண்றது: ஃபாயிலா, டிப்பா, துணியா, சோப்பு தண்ணியா?

தீர்ப்பை முதல்லயே சொல்லிடுறேன். நகை என்ன மெட்டல்னு பார்த்து க்ளீனிங் முறையை முடிவு பண்ணாதீங்க, அதுக்குள்ள இருக்குறதுலயே நோஞ்சான் எதுவோ அதைப் பார்த்து முடிவு பண்ணுங்க. ஒரே மெட்டல்ல வார்த்த மோதிரத்துக்கு இந்தக் கவலையே இல்ல, ஆனா கையால செஞ்ச கம்மல் ஒண்ணை எடுத்தா வெள்ளி கொக்கி, பித்தளை தகடு, பசையில ஒட்டின கல், கீழ தொங்குற முத்துன்னு எல்லாமே ஒண்ணாக் கிடக்கும், வெள்ளிக்கு நல்லது பண்றது முத்துக்கு எமனா இருக்கும்.

வெள்ளிக்கு நெட்ல தேடினா முதல்ல வர்றது அலுமினியம் ஃபாயில் வித்தைதான். பாத்திரத்துல ஃபாயில் விரிச்சு, மேல நகையை வச்சு, பேக்கிங் சோடா தூவி சுடுதண்ணி ஊத்துறது. இது சும்மா உருட்டு இல்ல, நிஜமாவே வேலை செய்யுது. வெள்ளி மேல படியுற கருப்பு அழுக்கு கிடையாது, காத்துல இருக்குற கந்தக வாயு வெள்ளியோட சேர்ந்து உண்டாகுற வெள்ளி சல்ஃபைடு. ஃபாயில் அந்தக் கந்தகத்தை வாங்கிக்கிட்டு வெள்ளியை வெள்ளியாவே திருப்பிக் கொடுத்துடுது. தண்ணி ஊத்தின உடனே நுரைச்சுக்கிட்டு அழுகின முட்டை நாத்தம் வரும், பயப்படாதீங்க, கருப்பு போகுதுன்னு அர்த்தம். நகை ஃபாயிலைத் தொட்டுக்கிட்டு இருக்கணும், இல்லன்னா ஒண்ணும் நடக்காது. வெளிய எடுத்ததும் பளபளன்னு இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க, பெரும்பாலும் மங்கலா வெள்ளையாத்தான் இருக்கும், துணியால தேய்ச்சாத்தான் மினுங்கும்.

கடையில விக்குற, நகையை முக்கி எடுக்குற டிப் லிக்விட் இதை விட ஸ்பீடு, சில செகண்ட்லயே கருப்பு காணாம போயிடும். ஆனா அது பெரும்பாலும் ஆசிட்டும் தயோயூரியாங்குற ரசாயனமும் கலந்தது, கருப்பு லேயரை அப்படியே கரைச்சு எடுத்துடுது, அந்த லேயர்ல இருந்த வெள்ளியும் கூடவே போச்சு. ஒரு தடவைக்கு துளிதான் போகும், மாசாமாசம் முக்குனா மெல்லிசான கம்பி வேலைக்கு அது நல்லதில்ல. அதனால இந்த ரெண்டுல ஒண்ணுன்னா என் ஓட்டு ஃபாயிலுக்குத்தான், அதுவும் கல் இல்லாத, பசை இல்லாத வெறும் வெள்ளிக்கு மட்டும். உள்ள காலியா இருக்குற வெள்ளி மணியை ரெண்டுலயும் போடாதீங்க, ஓட்டை வழியா உள்ள போன தண்ணியை அலசி வெளிய எடுக்குறது பெரிய தலைவலி.

ஆக்சிடைஸ்டு சில்வர்னா ரெண்டுமே அவுட். அந்தச் செதுக்கல் பள்ளத்துல இருக்குற கருப்பு செஞ்சவங்க வேணும்னே ஏத்தினது, ஃபாயிலுக்கும் டிப்புக்கும் அது தெரியாது, டிசைனையே வழிச்சு எடுத்துடும். இங்கதான் பாலிஷிங் துணி ஜெயிக்குது. மேடான இடத்தை மட்டும் தேய்ச்சு மினுக்கும், பள்ளத்துல கை வைக்காது. துணி கன்னங்கரேல்னு ஆனாலும் வேலை செய்யும், துவைச்சிடாதீங்க, அதுல ஏத்தியிருக்குற மருந்து போயிடும். ஆனா முலாம் பூசினதுக்கு இதே துணி வில்லன். அதுல மைல்டான உராய்வுப் பொடி இருக்கு, முலாமோ மைக்ரான் கணக்குல இருக்குற சமாச்சாரம், தேய்க்கத் தேய்க்க உள்ள இருக்குற மெட்டல் எட்டிப் பார்க்கும். அதுக்கு வெறும் மைக்ரோஃபைபர் துணி போதும்.

டூத்பேஸ்ட்? வேண்டாம். பல் எனாமலோட கடினம் மோஸ் அளவுல 5, வெள்ளி 2.5ல இருந்து 3க்குள்ளதான், பல்லுக்குன்னு செஞ்ச உராய்வுப் பொடி வெள்ளியைக் கீறாம என்ன பண்ணும். எலுமிச்சை, வினிகர் வெறும் பித்தளைக்கும் செம்புக்கும் நல்லா கேட்கும், ஆனா தேய்ச்சு உடனே அலசி ஈரம் போகத் துடைக்கணும், ரொம்ப நேரம் ஊறப் போட்டா பித்தளையில இருந்து துத்தநாகம் வெளியேறி ரோஸ் கலர்ல செம்பு தெரிய ஆரம்பிச்சிடும். முத்து, பவளம், சிப்பி மேல ஒரு சொட்டு கூடப் படக்கூடாது, இது மூணும் அடிப்படையில கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டா கரையும்.

ஒலி அதிர்வால தண்ணியை உலுக்கி அழுக்கை எடுக்குற அல்ட்ராசோனிக் மெஷின் வாங்கலாமான்னு கேட்டா, கையால செஞ்ச நகைதான் உங்ககிட்ட அதிகம்னா வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். முத்து, ஓபல், டர்க்காய்ஸ், பசையில ஒட்டின கல் எதையும் அதுல போட முடியாது, மரகதத்தோட விரிசல்ல பெரும்பாலும் எண்ணெய் ஏத்தியிருப்பாங்க, அதையும் உலுக்கி எடுத்துடும். மிச்சம் இருக்குற வெறும் மெட்டலுக்கு வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பும் குழந்தைங்க ப்ரஷ்ஷும் போதுமே.

சோப்பு தண்ணிதான் மொத்தத்துல நிறைய மார்க் வாங்குறது. அதுக்கும் எல்லை உண்டு. முத்து மாலையை முக்காம, ஈரத் துணியை நல்லா பிழிஞ்சு ஒவ்வொரு முத்தாத் துடைங்க, தொங்கப் போடாம துணி மேல படுக்கப் போட்டுக் காய வைங்க, ஈரமான பட்டு நூல் எடை தாங்காம நீண்டுடும். கொக்கிக்குப் பக்கத்துல முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவுல இடைவெளி தெரிய ஆரம்பிச்சா க்ளீனிங்கை விடுங்க, நூல் மாத்துற நேரம் வந்தாச்சு. பின்னாடி ஃபாயில் வச்ச கல்லுக்கும் முக்குறது ஆகாது, உள்ள ஈரம் போச்சுன்னா கல் இருண்டுடும், திரும்பப் பழைய மாதிரி வராது. பெயின்ட் அடிச்ச டெரகோட்டா, சில்க் த்ரெட், பேப்பர் இதுக்கெல்லாம் தண்ணியே காட்டாதீங்க, காய்ஞ்ச மெத்து ப்ரஷ் மட்டும்தான். ரெசினும் பாலிமர் க்ளேயும் சோப்பு தண்ணி தாங்கும், நெயில் பாலிஷ் ரிமூவர் தாங்காது, ரெசின் வெயில்ல கிடந்தா மஞ்சளாகும்.

எடுத்து வைக்குறதுலயும் ரெண்டு கட்சி இருக்கு. வெள்ளிக்கு ஜிப்லாக் கவர், காத்தை அமுக்கி வெளிய தள்ளிட்டு மூடினா கருக்குறது ரொம்பவே குறையும், கூடவே ரப்பர் பேண்ட் மட்டும் போட்டுடாதீங்க, அதுல கந்தகம் இருக்கு. முத்துக்கு அதே கவர் சரிப்படாது, மெத்துனு ஒரு துணிப் பைதான் வேணும். ஷூ பாக்ஸ்ல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டை வெள்ளியோட தாராளமாப் போட்டு வைங்க, ஓபல் பக்கத்துல வேண்டாம், அந்தக் கல்லுக்குள்ளயே தண்ணி இருக்கு, அது வத்தினா வெடிப்பு விடலாம்.